பழுது நாடும் கல்வி

நமது கல்லூரி பவளவிழாக் காணும் இந்நன்னாளில், அதன் பழம்பெருமையை எடுத்துரைத்தற்கு எம்மினும் தகுதியுடையார் பலர் உளர். அதிபர்களின் மாண்பையும், விளையாட்டரங்கில் நம் மாணவர் ஈட்டிய வெற்றிகளையும், விடுதி வாழ்வின் இனிய நினைவுகளையும் அவர்கள் எழுதுவர். நாம் எழுதப் புகுந்ததோ சிறியதொரு பொருள். கணினிக் கூடத்தின் மூலையிலே துணி போர்த்துக் கிடந்த ஒரு கருவி எம்மைப் பதினொரு நாள் அலைக்கழித்த கதையும், அவ்வலைச்சலினால் எம் உள்ளத்தே வேரூன்றிய ஒரு கருத்துமே அப்பொருளாம். தமிழாசிரியர்க்குக் கணினியிலே என்ன அலுவல் என்று வினவுவார்க்கு விடை இக்கட்டுரையின் இறுதியில் உண்டு. அதுகாறும் பொறுத்தருள்க.

விழாவை முன்னிட்டுக் கல்லூரியின் பழைய மலர்கள் யாவற்றையும் படமெடுத்துக் கணினியிற் சேமித்தல் வேண்டுமென்று விழாக்குழுவினர் தீர்மானித்தனர். அம்மலர்களுட் சில ஒற்றைப் பிரதியாகவே எஞ்சியுள்ளன. தாள் மஞ்சளித்து, மடித்த இடத்திலே பொடிந்து உதிர்கின்றது. ஒரே பிரதியாய் இருந்த நூல் அழிந்தால் அதனை மீட்டற்கு வழியில்லை என்பதை, 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டதை அறிந்த நம் பழைய மாணவர்க்கு நாம் எடுத்துரைத்தல் வேண்டா.

இப்பணிக்கு வேண்டிய ஸ்கானர், அஃதாவது ஒளிவருடி, கல்லூரியில் இருந்தது. பழைய மாணவர் சிலர் பல்லாண்டுகளுக்கு முன் அன்புடன் அளித்தது அது. மலரை விரித்தபடியே வைத்தற்கேற்ற அகன்ற கண்ணாடி உடையது. ஆயின் அதனை இயக்கும் செலுத்தி மென்பொருள் விண்டோஸ் 7 என்னும் பணிசெயல் முறைமையோடு நின்றுவிட்டது. அம்முறைமைக்கான பொதுவான பாதுகாப்புத் திருத்தங்களும் 2020 சனவரி 14ஆந் திகதியோடு நின்றன. ஆதலால் எமது கூடத்துக் கணினிகள் லினக்ஸ் முறைமைக்கு மாற்றப்பட்டிருந்தன. லினக்ஸிலே அவ்வருடிக்கு இசைந்த செலுத்தி எமக்குக் கிடைத்திலது. கருவி நல்லது, கணினியும் நல்லது, இரண்டும் ஒன்றோடொன்று பேச மறுத்தன.

இத்தகைய இடரைத் தீர்த்தற்கு ஒரு வழி உண்டு. ஒரு கணினியினுள்ளே மென்பொருளால் இன்னொரு கணினியை அமைத்தல் இயலும். உள்ளே அமைந்தது தான் ஒரு தனிக் கணினி போலவே இயங்கும்; தனக்கெனப் பிறிதொரு பணிசெயல் முறைமையையும் தாங்கும். இதனை ஆங்கிலத்தில் வேர்ச்சுவல் மெஷின் என்றும், தமிழில் மெய்நிகர்ப் பொறி என்றும் வழங்குவர். வெளியே மேசைமேல் நிற்கும் உண்மைக் கணினியைப் புறப்பொறி என்றும், அதனுள்ளே இயங்கும் கணினியை அகப்பொறி என்றும் நாம் எமது வசதிக்காகப் பெயரிட்டுக்கொண்டோம். அகமும் புறமும் தமிழ் மாணவர்க்குப் புதியன அல்லவே.

இவ்வித்தை நேற்று முளைத்ததன்று. ஐ.பி.எம். நிறுவனத்தார் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிலே 1960களில் இதனை ஆராய்ந்து, 1972இல் வி.எம்./370 என்னும் முறைமையாக அறிவித்தனர். உண்மைக் கருவியொன்றை ஓர் அகப்பொறிக்கு மட்டும் உரித்தாக்குதற்கு 'அற்றாச்' என்றொரு கட்டளையும், அதனை மீட்டுக்கொள்ளுதற்கு 'டிற்றாச்' என்றொரு கட்டளையும் அம்முறைமையிலே இருந்தன. மேசைக் கணினிகளைப் பொறுத்தவரை, இன்ரெல் நிறுவனம் 2005இலும் ஏ.எம்.டி. நிறுவனம் 2006இலும் செயலியினுள்ளேயே இதற்கான துணையை அமைத்தன. லினக்ஸின் கருவிலே கே.வி.எம். என்னும் பகுதி 2007இல் இடம்பெற்றது. அன்று பெருங்கூடங்களை நிறைத்த பொறிகளுக்கே உரியதாயிருந்த வித்தை, இன்று பாடசாலைக் கணினிக்கும் கைவந்துள்ளது.

அகப்பொறி காணும் வட்டும், திரையும், வலையிணைப்பும் பெரும்பாலும் மென்பொருள் காட்டும் சாயல்களே. ஆனால் எமது வருடியைப் போன்ற தனிக்கருவிக்கு அத்தகைய சாயல் இல்லை. உண்மைக் கருவியையே புறப்பொறி தன் கையினின்றும் விட்டு, அகப்பொறியின் கையிலே கொடுத்தல் வேண்டும். இதனைப் பாஸ்துரூ என்பர். நாம் நேர்க்கையளிப்பு என்போம். காணி கைமாறுவது போன்றதே இது. ஒரே காணியை ஒரே வேளையில் இருவர் ஆளுதல் ஒவ்வாது. கொடுப்பவர் உறுதியிலே ஒப்பமிட்டு விடாதவரையும் பெறுபவர் வேலியடைக்க இயலாது. நேர்க்கையளிப்பிலே தோன்றும் பழுதுகளுட் பெரும்பாலன, விடவேண்டியவர் விடாமையாலோ, பெறவேண்டியவர்க்குப் பெறும் உரிமை இல்லாமையாலோ நிகழ்வனவே. இவ்வுண்மையை நாம் பதினொரு நாள் செலவிட்டே அறிந்தோம்.

முதல் நான்கு நாள்களில் நாம் செய்தவற்றை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றோம். வேர்ச்சுவல் பொக்ஸ் என்னும் மென்பொருளைக் கொண்டு அகப்பொறியை அமைத்து, அதிலே விண்டோஸ் 7ஐ நிறுவினோம். வருடியைத் தொடுத்தோம். அகப்பொறியில் அது தோன்றவில்லை. உடனே அகப்பொறியை அழித்து மீண்டும் நிறுவினோம். தோன்றவில்லை. வடத்தை மாற்றினோம், துளையை மாற்றினோம், அமைப்புகளில் ஐந்தாறை ஒருங்கே மாற்றினோம். எதனை மாற்றினோம் என்பதை எழுதி வைக்கவுமில்லை. நான்காம் நாள் மாலை குழுவிலே பேச்சு எழுந்தது. "பழைய கருவி, அதனைக் கழித்துவிட்டுப் புதியது வாங்குவோம், பழைய மாணவர்க்கு ஒரு கடிதம் எழுதினாற் போதும்" என்றனர் சிலர். நாமும் ஏறத்தாழ இசைந்துவிட்டோம்.

அவ்வேளையில், எமக்கு உதவிக்கு நின்ற உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், "சேர், அது வெளியிலைதான் நிக்குது. உள்ளுக்குப் போகவிடாமல் ஆரோ பிடிச்சு வைச்சிருக்கினம்" என்று தன் பேச்சுத் தமிழிலே சொன்னான். முதல் நாளே அவன் இதனைச் சொல்ல முயன்றான் என்பதும், "நீ சும்மா நில் தம்பி" என்று நாமே அவனை அடக்கினோம் என்பதும் அப்பொழுது நினைவுக்கு வந்தன. அன்றிரவு நாம் அமைதியாய் இருந்து எண்ணினோம். கருவியிலிருந்து அகப்பொறிக்குச் செல்லும் வழியிலே எத்தனை வாயில்கள் உள்ளன? எவ்வாயில் அடைபட்டிருக்கின்றது? இவ்விரு வினாக்களையும் முதல் நாளே வினவியிருத்தல் வேண்டும்.

வாயில்கள் நான்கு என்று கண்டோம். முதலாவது காணல்: புறப்பொறி கருவியைக் காண்கின்றதா? இரண்டாவது விடல்: கண்ட கருவியைப் புறப்பொறி தன் பிடியினின்றும் விடுகின்றதா? மூன்றாவது கொள்ளல்: அதனை வாங்குதற்கு அகப்பொறிக்கும் அதனை இயக்குவோர்க்கும் உரிமையும் ஏற்ற வாயிலும் உண்டா? நான்காவது அறிதல்: வாங்கிய கருவியை அகப்பொறியின் செலுத்தி இன்னதென்று அறிகின்றதா? இந்நான்கையும் ஒரு தாளில் எழுதி, ஐந்தாம் நாள் காலை கூடத்துச் சுவரில் ஒட்டினோம்.

காணல் எளிதிலே தெளிவாயிற்று. லினக்ஸிலே எல்.எஸ்.யூ.எஸ்.பி. என்றொரு கட்டளை உண்டு. யூ.எஸ்.பி. வழியாகத் தொடுக்கப்பட்ட கருவிகள் யாவற்றையும் அது நிரல்பட எழுதிக் காட்டும். ஒவ்வொரு கருவிக்கும் செய்தவரைக் குறிக்கும் நான்கிலக்க எண்ணும், கருவியைக் குறிக்கும் நான்கிலக்க எண்ணும் தோன்றும். எமது வருடி அந்நிரலில் இருந்தது. எனவே வடமும், மின்னும், கருவியும் குற்றமற்றன. நான்கு நாளாக நாம் மாற்றிய வடங்கள் யாவும் வீண் என்பது ஒரே கட்டளையில் விளங்கிற்று. அவ்வெண்களை மாணவன் தன் கொப்பியிலே எழுதிக்கொண்டான். அது பின்னர் எவ்வளவு பயன்படும் என்பதை அவனும் அறியான்.

அடுத்து, வேர்ச்சுவல் பொக்ஸின் கருவிப் பட்டியலை நோக்கினோம். புறப்பொறி காணும் கருவியை அது காட்டவில்லை. பட்டியல் வெறுமையாய் இருந்தது. அஃதாவது, அடைபட்டது உரிமையின் வாயில். லினக்ஸிலே இம்மென்பொருள் வழியாக யூ.எஸ்.பி. கருவிகளைத் தொடுதற்கு, பயனர் வீபொக்ஸ்யூசர்ஸ் என்னும் குழுவிலே அங்கத்தவராய் இருத்தல் வேண்டும். எமது பயனர் பெயர் அக்குழுவில் இல்லை. சேர்த்தோம். பட்டியல் மீண்டும் வெறுமையாகவே இருந்தது. "இது பழுதன்று" என்று துணிந்து, சேர்த்த பெயரை நாமே நீக்கிவிட்டு வேறு வழிகளிலே இரண்டு நாள் உழன்றோம். உண்மை யாதெனில், குழுவிலே புதிதாகச் சேர்ந்தவர் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்தாலன்றி அவ்வுரிமை நடைமுறைக்கு வாராது. மருந்து சரியானது, அது வேலை செய்தற்கு வேண்டிய வேளையை நாம் கொடுக்கவில்லை. கையேட்டை வரி வரியாகப் படித்த அம்மாணவனே இதனையும் கண்டான்.

பட்டியலிலே வருடியின் பெயர் தோன்றிற்று. தெரிவு செய்தோம். கருவி வேறு அலுவலில் உள்ளது என்னும் பொருள்பட ஒரு செய்தி வந்தது. இப்பொழுது நாம் பதறவில்லை. இஃது இரண்டாம் வாயில் என்பது சுவரிலே எழுதியிருந்தது. புறப்பொறியிலே படமெடுக்கும் செயலி ஒன்றை எவரோ திறந்து மூடாது விட்டிருந்தனர். அது கருவியைப் பற்றி நின்றது. அதனை மூடியதும் கருவி அகப்பொறிக்குச் சென்றது. மாணவன் சொன்ன "ஆரோ" அச்செயலியே.

ஆயினும் கதை முடிந்திலது. அகப்பொறியிலே செலுத்தி கருவியைத் தொட்டதும், இரண்டு கணத்தில் கருவி மறைந்து மீண்டும் புறப்பொறியிலே தோன்றிற்று. மாணவன் தன் கொப்பியை எடுத்து, முன் எழுதிய எண்ணையும் இப்பொழுது தோன்றிய எண்ணையும் ஒப்பிட்டான். பின்னைய நான்கு இலக்கங்கள் மாறியிருந்தன. சில கருவிகள் விழிக்கும்பொழுது ஓரெண்ணும், தமக்குரிய உள்மென்பொருளை ஏற்றிக்கொண்டபின் பிறிதோரெண்ணும் உடையன. எண் மாறும் கணத்தில் அவை ஒருமுறை கழன்று மீண்டும் தொடுக்கப்பட்டனவாகவே கணினிக்குத் தோன்றும். நாம் அகப்பொறிக்கு வகுத்த கையளிப்பு விதி பழைய எண்ணை மட்டுமே அறியும். புதிய எண்ணோடு வந்ததைப் புறப்பொறி தனதென்று எடுத்துக்கொண்டது. இரண்டாவது எண்ணுக்கும் ஒரு விதி எழுதினோம். கருவி அகப்பொறியிலே நிலைத்தது.

எஞ்சியது ஒன்று. படம் பாதியிலே நின்று நின்று வந்தது. அகப்பொறிக்கு நாம் அமைத்த யூ.எஸ்.பி. வாயில் பழைய 1.1 தரத்தது, வருடியோ 2.0 தரத்தது. முன்னையதன் உச்ச வேகம் செக்கனுக்கு 12 மெகாபிற், பின்னையதற்கு 480. ஏ4 அளவுப் பக்கமொன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வண்ணத்திலே படமெடுத்தால் ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள் வரும். புள்ளிக்கு 3 பைற் வீதம் 26 மெகாபைற். பழைய வாயிலின் முழு வேகத்திலும் அது வந்து சேர 17 செக்கனுக்கு மேலாகும். புதிய வாயிலின் முழு வேகத்தில் அரைச் செக்கனும் ஆகாது. வாயிலை மாற்றினோம். பதினோராம் நாள் பிற்பகல், கல்லூரியின் முதலாவது மலரின் முதற் பக்கம் திரையிலே தெளிவாய் விரிந்தது. அகப்பொறியை வெளி வலையோடு தொடுக்காது வைத்துள்ளோம் என்பதையும் கூறிவிடல் கடன். பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன முறைமையை இணையத்திலே திறந்துவிடுதல், கதவில்லா வீட்டிலே நெற்கூடையை வைப்பதற்கு ஒப்பாகும்.

இங்கே அன்பர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். எமது பழுது ஒன்றன்று. ஒன்றன்பின் ஒன்றாய் மறைந்து நின்ற நான்கு பழுதுகள். முதலாவதைத் தீர்த்தபொழுது பயன் கண்ணுக்குத் தோன்றவில்லை. இரண்டாவது அதனை மறைத்தது. பயன் தோன்றாமையால் திருத்தத்தையே தவறென்று கருதி மீளவும் குலைத்தல், பழுது நாடுவார் இழைக்கும் பிழைகளுட் பெரிது. நாமும் இழைத்தோம்.

இந்நான்கு வாயில்களும் எமது சிறு வருடிக்கு மட்டும் உரியன அல்ல. பல்கலைக்கழகங்களிலும் தொழிலகங்களிலும், கணினியின் உள்ளே பி.சி.ஐ. துளையிற் பொருத்திய விலையுயர்ந்த கிராபிக்ஸ் அட்டையையே அகப்பொறிக்குக் கையளிக்கின்றனர். அங்கே பழுதுகள் நுட்பமானவை, வாயில்களோ இவையே. அத்தகைய அட்டை, செயலியின் துணையின்றித் தானே நினைவகத்திலே எழுத வல்லது. அதனைக் கட்டுப்பாடின்றி அகப்பொறியிடம் கொடுத்தால், அடுத்தவர் நினைவகத்திலும் எழுதிவிடும். ஆதலால் ஐ.ஓ.எம்.எம்.யூ. என்னும் காவலன் இடையிலே நிற்றல் வேண்டும். இன்ரெல் பொறிகளில் இதனை வி.ரி.-டி என்பர். செயலிக்குரிய வி.ரி.-எக்ஸ் வேறு, இது வேறு. பயோஸ் அமைப்பிலே முன்னதை மட்டும் இயக்கிவிட்டு, பின்னதை மறந்து நாட்கணக்கில் வருந்துவோர் பலர்.

அங்கும் விடலே பெரும் வாயில். புறப்பொறி விழிக்கும்பொழுதே அதன் செலுத்தி அட்டையைப் பற்றிக்கொள்ளும். அதற்கு முன்னரே வி.எப்.ஐ.ஓ. என்னும் இடைநிலைச் செலுத்தியிடம் அட்டையை ஒப்படைத்தல் நன்று. 2012இல் லினக்ஸிலே சேர்க்கப்பட்ட பகுதி அது. அட்டையை இப்பொழுது எச்செலுத்தி பற்றியுள்ளது என்பதை எல்.எஸ்.பி.சி.ஐ. என்னும் கட்டளை ஒரே வரியிற் சொல்லும். இன்னும், காவலன் கருவிகளைக் குழுக்களாக வகுத்திருப்பான். ஒரு குழுவைச் சேர்ந்தவற்றுள் ஒன்றை அகப்பொறிக்கும் மற்றொன்றைப் புறப்பொறிக்கும் பங்கிடல் ஆகாது. ஒட்டு மென்பொருளால் அக்குழுவைப் பிரித்ததாகப் பாவனை செய்வாரும் உளர். வேலி இல்லாத இடத்தில் வேலி உண்டென்று உறுதியில் எழுதுவது போன்றது அது. பயன் தந்தாலும் பாதுகாப்புத் தராது.

நான்காம் வாயிலிலே மனிதர் இட்ட பூட்டும் உண்டு. என்விடியா நிறுவனத்தின் ஜீபோர்ஸ் வகை அட்டைகளின் விண்டோஸ் செலுத்தி, தான் அகப்பொறியினுள் இருப்பதை அறிந்தால் பிழை 43 என்று காட்டி இயங்க மறுத்த காலம் இருந்தது. 2021இல் அந்நிறுவனமே அத்தடையைத் தளர்த்தியது. அதற்கு முன் அப்பிழையைக் கண்டவர், தம் அமைப்பிலே குற்றம் தேடி எத்தனை இரவு விழித்திருப்பர்! பழுது தம்மிடத்தில் இல்லை என்று அறிதலும் பழுது நாடலின் ஒரு பயனே.

இனி எமது கருத்துக்கு வருவோம். நம் கல்லூரிகளிலே கருவிகளை இயக்கக் கற்பிக்கின்றோம். கருவி இயங்காதபொழுது என்ன செய்வதென்று கற்பிப்பதில்லை. பரீட்சைத் தாளிலே கணினியின் உறுப்புகளைப் பெயர் சொல்லும் மாணவன், திரை இருண்டவுடன் கையைப் பிசைந்து நிற்கின்றான். அன்றேல் யாவற்றையும் அழித்து மீண்டும் நிறுவுகின்றான். அழித்து நிறுவுதல் சில வேளை பயன் தரும், அறிவு தராது. எதனாற் பழுது வந்தது, எதனால் நீங்கிற்று என்பது அறியப்படாமையால், அடுத்த முறையும் அவன் அதே இருளிலே நிற்பான்.

எம் தலைமுறையார் இதனை அறிவர். 1990களிலே, மின்சாரமும் எரிபொருளும் தடைப்பட்ட நாள்களில், யாழ்ப்பாணத்திலே சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். மண்ணெண்ணெயிலே மோட்டார் வண்டிகள் ஓடின. பழுதான பொருளுக்கு மாற்றுப் பொருள் கடையிலே இல்லை. எனவே பழுதைத் தேடினோம். கம்பியின் ஒரு முனை தொடங்கி மறுமுனை வரையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். அத்துன்பம் மீண்டும் வரல் வேண்டா. ஆனால் அத்துன்பம் கற்பித்த பொறுமையும் வரிசையும் ஏன் நம்மை விட்டகலல் வேண்டும்?

இதற்கு மறுப்புரைப்பார் கூற்றையும் கேட்டோம். "பதினொரு நாள் இருவர் செலவிட்ட காலத்தின் பெறுமதியை நோக்கினால், புதிய வருடியே மலிவன்றோ?" என்பர் ஒரு சாரார். கணக்காக நோக்கின் அவர் கூற்று முற்றிலும் பிழையன்று. கைவிடத் தகும் கருவியைக் கைவிடலும் அறிவே. நான்காம் வாயிலிலே செலுத்தியே இல்லை என்று உறுதியானால், நாமும் புதியது வாங்குமாறே உரைத்திருப்போம். நாம் மறுப்பது, எவ்வாயில் அடைபட்டதென்று அறியாமலே கைவிடுதலை. மேலும் அப்பதினொரு நாளில் ஏழு நாள் எமது ஒழுங்கின்மையாற் கழிந்தவை; ஒழுங்கோடு நாடியிருந்தால் நான்கு நாளே போதும். "இணையத்திலே வினவினால் விடை வருமே" என்பர் மற்றொரு சாரார். வரும். ஆனால் எவ்வாயிலிலே நிற்கின்றோம் என்று அறியாதவனுக்குப் பத்து விடை வரும். பத்தையும் அவன் ஒருங்கே செய்து பார்ப்பான். நாம் முதல் நான்கு நாள் செய்தது அதுவே.

ஆதலால் கல்லூரிக்கும் பழைய மாணவர்க்கும் மூன்று விண்ணப்பங்களைப் பணிவுடன் முன்வைக்கின்றோம்.

ஒன்று: கணினிக் கூடத்திலே பழுதுப் பதிவேடு ஒன்று வைத்தல் வேண்டும். தோன்றிய குறி யாது, மாற்றிய ஒன்று யாது, அதன்பின் நிகழ்ந்தது யாது, மாற்றியதை மீட்டோமா என்னும் நான்கு நிரல் அதற்குப் போதும். அது தமிழிலே எழுதப்படல் வேண்டும். ஆங்கிலக் கையேட்டை விளங்கும் மாணவன் ஒருவன் கல்லூரியை விட்டு நீங்கினால், அவன் அறிவும் அவனோடு நீங்குகின்றது. தமிழில் எழுதிய ஏடு அடுத்த வகுப்புக்கு எஞ்சும். எமது வருடியின் இரு எண்களும் அவ்வேட்டின் முதற் பக்கத்திலே இன்று உள்ளன.

இரண்டு: செயன்முறைப் பாடத்திலே, ஆசிரியரே வேண்டுமென்று ஒரு பழுதை ஆக்கிவைத்து, மாணவரைத் தேடவிடல் வேண்டும். ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக, மாற்றியதை எழுதுக, நல்லதென்று அறிந்த ஒன்றோடு ஒப்பிடுக, மருந்து வேலை செய்யும் வரையும் பொறுக்க. இந்நான்கையும் கற்றவன் கணினியை விட்டு எத்தொழிலுக்குச் சென்றாலும் பிழைத்துக்கொள்வான்.

மூன்று: பழைய மாணவர் கருவி அளிக்கும்பொழுது, அதன் செலுத்தியின் பிரதியையும், கையேட்டையும், இயலுமாயின் ஆண்டுக்கு இரண்டு நாளையும் உடன் அளித்தல் வேண்டும். கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் கணினித் துறையிலே உயர்ந்து விளங்கும் நம் பழைய மாணவர் பலர். அவர்கள் அனுப்பும் பணத்தினும், ஒரு மாணவனோடு அருகே இருந்து ஒரு பழுதைத் தேடும் அரை நாள் பெறுமதி மிக்கது. கருவியைக் கொடுத்தவர் அதனை அறியும் வழியையும் கொடுத்தாலன்றிக் கையளிப்பு நிறைவேறாது.

இறுதியாக, தமிழாசிரியர்க்கு இதில் என்ன அலுவல் என்னும் வினா. ஆசிரிய கலாசாலையிலே நாம் பயின்ற காலத்தில், மாணவனின் வாக்கியத்திலே பிழை கண்டால் முழு வாக்கியத்தையும் அடித்துவிடாதே என்று எம் விரிவுரையாளர் அறிவுறுத்துவார். திணையா, பாலா, இடமா, காலமா, எங்கே வழுவியது என்று காட்டுமாறு கூறுவார். நன்னூலார் வழுவை ஏழு வகையாகப் பகுத்தது, பிழையைக் கண்டு அஞ்சுதற்கன்று. அஃது இருக்கும் இடத்தை அறிதற்கே. எழுவாயும் பயனிலையும் இயையாதபொழுது இரண்டையும் அழிக்கின்றோமா? எது மற்றதோடு முரணுகின்றது என்றன்றோ நோக்குகின்றோம். இருபது ஆண்டுகளாக வகுப்பிலே இதனைச் செய்துவரும் நாம், கணினியின் முன் அமர்ந்ததும் அக்கல்வியை மறந்தோம். மாணவன் ஒருவன் அதனை நினைவூட்டினான்.

அவன் சொல்லை முதல் நாளே கேளாமைக்கு இம்மலரின் வாயிலாக அவனிடம் எம் வருத்தத்தைத் தெரிவித்துக் கொள்கின்றோம். அவன் இவ்வாண்டு உயர்தரப் பரீட்சை எழுதுகின்றான். அவன் எழுதிய பதிவேடு கூடத்திலே உள்ளது. கல்லூரிக்கு வரும் பழைய மாணவர் அதனைப் புரட்டிப் பார்த்து, தாம் அறிந்த ஒரு பழுதையும் அதன் தீர்வையும் ஒரு பக்கத்திலே எழுதிச் செல்வார்களாயின், இவ்விழாவுக்கு அதனினும் சிறந்த அன்பளிப்பை நாம் வேண்டோம்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க அதன் பணி!